கான்வாஸ் பை தைத்து விற்க எத்தனை ஜிஎஸ்எம் துணி வாங்க வேண்டும்?

கேள்வி: வீட்டிலிருந்தே கையால் கான்வாஸ் பைகள் தைத்து விற்கும் சிறுதொழில் தொடங்கப் போகிறேன். பை தரமாக இருக்க எத்தனை ஜிஎஸ்எம் துணி வாங்க வேண்டும்?

பதில்: தோளில் மாட்டும் சாதாரணப் பைக்கு 340 முதல் 410 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), அதாவது சதுர கஜத்துக்கு 10 முதல் 12 அவுன்ஸ். கேட்டதற்கு விடை இவ்வளவுதான். ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பித் தொழிலில் இறங்குபவர்கள் அதிகம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன். கான்வாஸ் பையில் துணி நடுவில் கிழிவது அபூர்வம். கைப்பிடி பிய்யும், உள் ஓரம் நூல் நூலாகப் பிரியும், ஜிப் வாயைப் பிளக்கும். எந்த ஜிஎஸ்எம்மும் இதைத் தடுக்காது.

உங்களிடம் இருப்பது வீட்டுத் தையல் மெஷின் என்றும், காணொளிகளைப் பார்த்துவிட்டு 16 அவுன்ஸ் துணி மேல் ஆசை வந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். அந்த ஆசை இப்போதைக்கு வேண்டாம். வாய்ப்பகுதியை இரண்டு முறை மடித்தால் மூன்று அடுக்கு. அந்த மடிப்பு பக்கத் தையலைக் கடக்கும் இடத்தில் ஆறிலிருந்து ஒன்பது அடுக்கு வரை சேரும். அந்த மேட்டில் மெஷினின் பாதம் சாய்ந்துவிடும், தையல் விட்டுப் போகும், ஊசி முறியும். "நான் வீட்டு மெஷினிலேயே 16 அவுன்ஸ் தைக்கிறேன்" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். தைக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. தனக்காக ஒரு பை தைப்பது வேறு, வாரம்தோறும் அதே மேட்டில் மெஷினை ஏற்றுவது வேறு. தடித்த துணிதான் வேண்டும் என்றால் பாதமும் ஊசியும் பல்லும் சேர்ந்தே துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் வாங்குங்கள். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியை இழுக்கும். மேல் அடுக்கு பின்தங்கும். ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகள் தையல் முடிவில் அரை சென்டிமீட்டர் ஏறி இறங்கி நிற்பது இதனால்தான்.

துணி வாங்கும்போது கையால் தொட்டு விறைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாதி விறைப்பு கஞ்சி. 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, வெந்நீரில் துவைத்து, காய வைத்து அளந்து பாருங்கள். 47 வந்தால் 6 சதவீதம் சுருக்கம். துவைக்காத பருத்திக் கான்வாஸில் இது சாதாரணம். கஞ்சி போன பிறகும் துணி தன் காலில் நிற்கிறதா, நெசவு இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். சாயத் துணி என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கறுப்பும் கருநீலமும் வாங்குபவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

நூல் பாலியெஸ்டர், டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் கனத்தைக் குறிக்கும் எண்). தையல் மெஷினுக்குப் பருத்தி நூல் போடாதீர்கள், ஈரத்தில் மக்கும். ஊசி 16 அல்லது 18 நம்பர், ஜீன்ஸ் ஊசி. கான்வாஸ் ஊசியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று கணக்கு வையுங்கள். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். பொடித் தையல்தான் உறுதி என்று நினைத்து 2 மில்லிமீட்டரில் அடித்தால் துணியில் வரிசையாகத் துளை போட்டதுபோல் ஆகி, பாரம் வரும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். மேடான இடத்தை முதலில் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். பாதத்தின் பின்பக்கம் அதே கனத்துக்கு ஒரு துண்டுத் துணியை மடித்து முட்டுக்கொடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி மெதுவாக ஏற்றினால் தையல் விடாது.

இப்போது அளவு. முடிந்த பை 36 சென்டிமீட்டர் உயரம், அடிப்பகுதி 34 நீளம், 12 அகலம் என்று வைப்போம். தையலுக்கு 1.2 விட்டால் ஒரு பக்கத் துண்டின் அகலம் 34 + 12 + 2.4 = 48.4. உயரம் 36 + அடி அகலத்தில் பாதி 6 + அடித் தையலுக்கு 1.2 + வாய் மடிப்புக்கு 4 = 47.2. கீழ் மூலைகள் இரண்டிலும் 6 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடுக்க வேண்டும். எல்லாத் தையலுக்கும் ஒரே 1.2 விட்டிருந்தால் சதுரத்தை வெட்டிய விளிம்பிலிருந்தே அளக்கலாம். பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) மேலிருந்து கீழாக ஓடட்டும், பாரம் அந்தத் திசையில்தான் இழுக்கும்.

இந்த அகலம் சும்மா வந்ததல்ல. 150 சென்டிமீட்டர் பன்னாவில் (துணியின் அகலத்தில்) 48.4 அகலத் துண்டு மூன்று அடங்கும், மொத்தம் 145.2, கரை போக. ஆகவே 94.4 சென்டிமீட்டர் நீளத் துணியில் ஆறு துண்டுகள், அதாவது மூன்று பைகள். அழகுக்காக அகலத்தை 51 ஆக்கினால் பன்னாவில் இரண்டுதான் அடங்கும், மூன்றிலொரு பங்கு துணி மிஞ்சும். உள்பைக்குக் கொஞ்சம் போனாலும் மீதி கட்பீஸ்தான். முன்கூட்டியே துவைத்து வெட்டுவதாக இருந்தால் துவைத்த பிறகு பன்னாவை அளந்து, அதற்கேற்ப டிசைனை மாற்றுங்கள். துணியின் அகலம் பார்த்து வரைவதுதான் டிசைன். காகிதத்தில் வரைந்துவிட்டுத் துணி தேடுவது செலவு.

கைப்பிடியில் நேரம் செலவழியுங்கள். மேல் மடிப்பில் மட்டும் நான்கு முனைகளைத் தைத்த பை, பாரம் முழுவதையும் நான்கு சின்னக் கட்டங்களில் சுமக்கிறது. ஒரு கைப்பிடி தோளிலிருந்து நழுவினால் அது இரண்டாகிவிடும். நல்ல வழி, நாடாவைக் கீழே அடிப்பகுதி வரை ஓடவிட்டு ஒரே வளையமாகச் சுற்றி வருவது. மேலே சொன்ன அளவுக்கு 38 மில்லிமீட்டர் அகலப் பருத்தி நாடா சுமார் 3 மீட்டர் ஆகும். இரு முனைகளும் சேரும் இடத்தை அடிப்பகுதியில் வையுங்கள், அங்கே இழுப்பு குறைவு. இதற்கு வேலை வரிசை மாறும்: உள்பையை முன்பே தைத்துவிட வேண்டும், பிறகு அடித் தையல், அதன்மேல் நாடா, அப்புறம்தான் பக்கத் தையல்கள், கடைசியில் மூலைகளும் வாயும். நாடாவின் இரு ஓரத் தையலை வாய்க்கு 5 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிட்டால் மடிப்பதற்கு இடம் கிடைக்கும். மடித்த பிறகு அங்கே சதுரமும் குறுக்குக் கோடுமாகக் கட்டத் தையல் போடுங்கள். கட்டத்தின் மேல் கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டி நூலை முடிக்காதீர்கள். பாரம் முதலில் பிடிக்கும் இடம் அது, அங்கே துளைகள் நெருக்கமாக விழுந்தால் துணி அறுபடும். ஆரம்பமும் முடிவும் கீழ்க்கோட்டில் இருக்கட்டும்.

ரிவிட் (துணியைக் கவ்வும் உலோக ஆணி) அடித்தால் உறுதி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. தையலுக்குத் துணையாக அடிக்கலாம், தையலுக்குப் பதிலாக அடிக்கக் கூடாது. தண்டின் நீளம் மொத்தக் கனத்தைவிட 3 மில்லிமீட்டர் போல அதிகம் இருக்க வேண்டும். நீண்டால் உள்ளே வளையும், குட்டையானால் கவ்வாது. துளை தண்டுக்குச் சரியாக இருக்கட்டும்.

உள் ஓரத்துக்கு ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றி நூல் பின்னும் தையல்) மட்டும் போதாது, கான்வாஸ் பிரியும்போது ஓவர்லாக் நூலும் சேர்ந்து கழன்று வரும். 25 மில்லிமீட்டர் நாடாவை மடித்து ஓரத்தை மூடித் தைத்தால் உள்ளேயும் வெளியே போல் இருக்கும். ஜிப் வைப்பதாக இருந்தால் வாய்க்கு 5 நம்பருக்குக் குறைந்து வேண்டாம், பெரிய பைக்கு 8. டி வளையம் பற்றவைத்ததாக இருக்க வேண்டும், கம்பியை வளைத்து இடைவெளி விட்டது பாரத்தில் விரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கருத்தரங்கு, திறப்பு விழா என்று எங்கு போனாலும் மெல்லிய பருத்திப் பையில் பெயரை அச்சடித்து இலவசமாகக் கொடுத்து, "பூமியைக் காப்போம்" என்கிறார்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடையில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பை ஒன்றின் பாதிப்புக்குச் சமமாக, பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே சாதாரணப் பருத்திப் பையை 52 முறை பயன்படுத்த வேண்டும். நீர், ஓசோன் என எல்லா வகைப் பாதிப்பிலும் ஈடாக வேண்டும் என்றால் 7,100 முறை. அந்தக் கணக்கு முறையில் குறை சொல்பவர்கள் உண்டு, தெரியும். ஆனால் பத்துத் தடவை காய்கறி வாங்கியதும் காது பிய்யும் பையைப் பசுமை என்று கொடுப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. அந்த இலவசப் பையைக் காட்டித்தான் "பைக்கு இவ்வளவா?" என்று நம்மிடம் பேரம் பேசுகிறார்கள். கோணல் தையலைக் காட்டி "கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர்கள் மீதும் அதே கோபம்தான்.

விலைக்கு வருகிறேன். துணி, நாடா, நூல், ஜிப், அதன்மேல் கழிவுக்கு 10 சதவீதம். பிறகு உங்கள் மணிக்கூலி. தையல் நேரம் மட்டும் அல்ல, வெட்டுவது, இஸ்திரி, நூல் கத்தரிப்பது, படம் எடுப்பது, பொதி கட்டுவது எல்லாம் வேலைதான். அதன்மேல் லாபம். கடையில் வைத்தால் விற்பனை விலையில் மூன்றிலொரு பங்கோ பாதியோ கடைக்குப் போகும். அதை முதல் நாளே விலையில் சேர்க்காமல் நேரடி வாடிக்கையாளருக்குக் குறைத்துக் கொடுத்துப் பழகினால் பிறகு ஏற்ற முடியாது. "அந்த விலைக்கு யார் வாங்குவார்?" என்று கேட்பவர்களுக்கு: கூலியே வராத விலைக்கு விற்றால் பத்து பையோடு நிறுத்திவிடுவீர்கள்.

ஒவ்வொரு புது டிசைனிலும் முதல் பையை விற்காதீர்கள். 15 கிலோ பாரம் போட்டு ஒரு முழு நாள் கொக்கியில் தொங்கவிட்டு, கட்டத் தையலைச் சுற்றித் துளைகள் நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்டிருந்தால் அங்கே உள்பக்கம் இன்னொரு அடுக்குத் துணி தேவை. பிய்ந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றிரண்டு மீட்டர் நாடாவையும் ஒரு நூல் கண்டையும் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த லாட்டில் அதே நிறம் கிடைக்காது.