கோணல் வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இங்கிலாந்தின் சஃபோக்கில் லாவன்ஹம் கிராமத்துக்குப் போயிருந்தோம். ஐந்நூறு வருஷத்து மர வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அக்காலத் தச்சர்களுக்குத் தூக்குக்குண்டு தெரியாதா? ஒரு வீட்டுக்கு மட்டும் சிமெண்ட் பூசியிருந்தார்கள், அதுதான் உறுதியாகத் தெரிந்தது. அங்கே சினிமா எடுத்தார்களாமே?

ம.

அன்புள்ள ம.,

தூக்குக்குண்டு தெரியாதவன் கட்டிய வீடு ஐந்நூறு வருஷம் நிற்குமா? காய்ந்த ஓக் உளிக்கு மசியாது, அதனால் வெட்டிய ஈரத்தோடேயே இழைத்தார்கள். அது சுவரில் நின்றபடி காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. துளையில் செருகி மர ஆணி அடித்த கூடு என்பதால் மொத்தமாகச் சாயும், விழாது. 1524 வரிக்கணக்கில் பெரும் பணக்கார ஊர்களில் ஒன்று அது. அப்புறம் கம்பளித் துணி வியாபாரம் படுத்துவிட்டது, இடித்துக் கட்டக் காசில்லை, கோணல் தப்பித்தது. சினிமாவைப் பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள்.

ஆனால் அந்தச் சிமெண்ட்! அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

சஃபோக்கில் அப்படியொரு வீட்டில் நான் இரண்டு வருஷம் குடியிருந்தேன். வெளியே சிமெண்ட், பளிச்சென்று இருக்கும். உள்ளே மூலையில் எப்போதும் ஈரம், துணி காயாது, புத்தகமெல்லாம் பூசணம். ஒருநாள் சுவரின் அடிக்கட்டையில் சும்மா ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் பிடி வரைக்கும் போனது. மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்துகொண்டே இருக்கும், சிமெண்ட் அசையாது, விரிசல் விடும். அதன் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. சுண்ணாம்புப் பூச்சு என்றால் நனையும், காற்றுப் பட்டுக் காயும், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் ஓக் கட்டைகளைப் பலி கொடுத்தார்கள். உறுதியாகத் தெரிந்ததாம்!

கடைசியில் வீட்டுக்காரர் ஆள் வைத்துச் சிமெண்டைப் பெயர்த்தார். உள்ளே ஹேசல் குச்சி வரிச்சு, அதன்மேல் களிமண்ணும் சாணியும் கலந்த பூச்சு, அதில் வைக்கோல் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. வேலைக்கு வந்த கிழவர் உதிர்ந்த பழைய மண்ணைத் தூக்கிப் போடவில்லை, தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்து, அதையே திரும்ப அப்பினார். உக்கிப்போன கட்டையை மட்டும் வெட்டிவிட்டுப் புது ஓக்கை ஒட்டுப்போட்டார், பச்சை மரம்தான்.

மறுபடி போனால் நல்ல மழைநாளாகப் பார்த்துப் போங்கள். அந்தச் சிமெண்ட் வீட்டுக்காரர் அனுமதித்தால், மூலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.