மான் வாங்கப் போனவர்கள்: கேள்வி-பதில்

கேள்வி: மான் வேட்டை பழக ஆசை. கொழும்பில் எந்த அலுவலகத்தில் லைசன்ஸ் எடுக்கலாம்? – தெஹிவளை வாசகர்

பதில்: எங்கேயும் எடுக்க முடியாது. புள்ளிமான், மரை, சருகுமான் எல்லாமே 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கமெரா வாங்கிக்கொண்டு வில்பத்துவுக்குப் போங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் அறிமுகமான ஒருவர் ‘வேட்டை அனுமதி அட்டை’ எடுத்துத் தருவதாகச் சொல்லி 45,000 ரூபா வாங்கினார். அரச இலச்சினையோடு அட்டையும் வந்தது. பொய் அட்டையாம். நண்பர்கள் சிரிக்கிறார்கள். – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள். இலச்சினை, கையெழுத்து, இறப்பர் முத்திரை மூன்றும் இருந்தால் நானும் நம்பியிருப்பேன். பயிரைக் காக்க விவசாயிகளுக்குத் துவக்கு உரிமம் கொடுப்பது உண்மை. அது டிசம்பர் 31உடன் முடியும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அது துவக்கு வைத்திருக்க மட்டும்தான், மான் சுட அல்ல. இந்த உண்மையைக் கொஞ்சம் திரித்துத்தான் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். அது வந்த உறை, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். இன்னும் பத்தாயிரம் போட்டால் சரியாக்கித் தருகிறேன் என்று அதே ஆள் திரும்ப வருவார். சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டொரொண்டோவில் இருக்கும் மச்சான் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். புறக்கோட்டையில் பச்சைப் புள்ளி ஜக்கெட்டும் பைனாகுலரும் மலிவாம். வாங்கட்டுமா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஜக்கெட் வேண்டாம். ஒன்டாரியோவில் துவக்கு வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு நிறம் போட்டே ஆக வேண்டும். இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம், தலையில் ஆரஞ்சுத் தொப்பி. மானுக்காக அல்ல, இன்னொரு வேட்டைக்காரன் உங்களை மான் என்று நினைக்காமல் இருக்க. போதாக்குறைக்கு, இராணுவ உடுப்பைப் போன்ற துணியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கட்டுநாயக்காவில் நின்று விளக்கம் சொல்லப் போகிறீர்களா?

பைனாகுலர் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். நான் வாங்கியதில் ஒரு கொக்கு இரண்டு கொக்காகத் தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். “இங்கே வாங்கியதற்கு என்ன ஆதாரம்?” என்றார் கடைக்காரர். என்னிடம் பில் இல்லை. அன்றிலிருந்து இதே புலம்பல்தான்: ஒரு பென்சில் வாங்கினாலும் பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. “பில் இல்லையென்றால் இருநூறு குறைப்பேன்” என்பவர் உங்களுக்கு எதையும் குறைக்கவில்லை, நாளை நீங்கள் சண்டை பிடிக்கும் உரிமையை இருநூறு ரூபாவுக்கு வாங்கிக்கொள்கிறார். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977ஐ அழையுங்கள். பில்லைப் படமும் எடுத்து வையுங்கள். கடைப் பில்கள் மூன்று மாதத்தில் வெள்ளைக் கடதாசியாகிவிடும்.

அப்புறம், வேட்டைக்கு ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ என்ற அட்டையும், மானுக்குத் தனி உரிமமும் அடையாளச் சீட்டும் வேண்டும். வெளிநாட்டவர் என்றால், முன்பு வேட்டை உரிமம் வைத்திருந்ததற்கோ வேட்டைப் பயிற்சி முடித்ததற்கோ அத்தாட்சி காட்ட வேண்டும். எந்தப் பிரிவில் எந்த நாட்களில் சுடலாம் என்பது இடத்துக்கிடம் மாறும். மச்சானிடம் உரிமம் இருக்கிறது என்று நீங்கள் சுட முடியாது. டிக்கெட் போடுமுன் மச்சானிடம் இதையெல்லாம் கேளுங்கள்.

கேள்வி: வவுனியாவிலிருந்து வரும் வழியில் இரண்டு கிலோ மான் வத்தல் வாங்கினேன். கறி வைத்தால் மாட்டிறைச்சி போல இருக்கிறது. பில் தரவில்லை. யாரிடம் முறையிடலாம்? – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: மான் இறைச்சிக்குப் பில்லா? மாடாக இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். மானாக இருந்தால்தான் கவலை, ஏனென்றால் அதை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். இனி அப்படி விற்பவரைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992ஐ அழையுங்கள். சென்ற வருடமும் இதே கேள்வி வந்தது, அப்போது மரை வத்தல்.

கேள்வி: குழந்தையின் சளிக்கு அசல் கஸ்தூரி எங்கே கிடைக்கும்? – மட்டக்குளி வாசகி

பதில்: தேடாதீர்கள் அம்மா. கஸ்தூரி மான் இமயமலைப் பக்கத்து மிருகம், இலங்கையில் இல்லை. அதன் கஸ்தூரியை நாடு விட்டு நாடு விற்பதற்கும் கடும் தடைகள் உண்டு. நானும் ஒருமுறை சிறு புட்டி ஒன்றை 3,500 ரூபாவுக்கு வாங்கினேன். திறந்தால் குளியல் சவர்க்கார வாசம். என் மகள் அதைப் பொம்மைக்குப் பூசினாள். பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பா காலத்து மான் கொம்பு சுவரில் இருக்கிறது. அக்கா லண்டனுக்குக் கொண்டுபோகலாமா? – முகத்துவாரம் வாசகர்

பதில்: வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் முடியாது. அக்காவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.