அப்பத்தாவுக்குத் தெரியாமல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 1.8. அடுத்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது. 70-200 2.8 வாங்கலாமா, 85 1.8 வாங்கலாமா, இல்லை 35 போதுமா? 35 முகத்தைக் கோணலாக்கிவிடும் என்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது? செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பூஞ்சை இருக்குமோ என்றும் பயம். இன்னொன்று, எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 70-200 இருந்தால் தூரத்தில் நின்று அதற்குத் தெரியாமல் எடுத்துவிடலாம். தொழிலுக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு.

எஸ்.

அன்புள்ள எஸ்,

லென்ஸ் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. உன் அப்பத்தாவுக்காக எழுதுகிறேன்.

கம்பெனி எதுவானாலும் சரி, ரிப்பேர் பார்க்க மதுரையில் ஆள் இருந்தால் போதும். பூஞ்சைக்கு, லென்ஸின் பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பார். சிலந்தி நூல் போல ஏதாவது ஓடினால் வாங்காதே.

70-200 நல்ல லென்ஸ்தான். இந்த மில்லிமீட்டர் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும். நம்மைக் கிட்டே விடாத இடங்களுக்காகச் செய்தது. தாலி கட்டும்போது சொந்தக்காரர்கள் மேடையை அடைத்துக்கொள்வார்கள், நீ பந்தி வாசலில் மாட்டியிருப்பாய். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குள் உன்னை விடமாட்டார்கள். அங்கெல்லாம் அது வேண்டும். ஆனால் உன் கிராப் சென்சார் அளவில் சின்னது, அதில் 70 என்பதே 105 போட்ட மாதிரி நெருக்கமாகிவிடும், சின்ன மண்டபத்தில் முதுகு சுவரில் இடிக்கும். குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கிற பழைய 2.8 என்றால் ஒன்றரைக் கிலோ கனம். வைகாசி முகூர்த்தங்களுக்கு வாடகைக்கு எடுத்துப் பார், அப்புறம் முடிவு செய்.

35 முகத்தைக் கோணலாக்கும் என்று உனக்கு யார் சொன்னது? மூன்று வருடம் தொழில் செய்பவன் இதை நம்பலாமா? முகத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, நீ நிற்கிற தூரம். நம்பாவிட்டால் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போ. உன் 18-55 ஒன்றே போதும். கூட்டாளியை ஒரு தூணுக்கு முன்னால் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று 55இல் ஒரு படம் எடு. காலை நகர்த்தாமல் 18இல் இன்னொன்று எடு. வீட்டுக்கு வந்து, 18இல் எடுத்த படத்தில் அவன் முகம் இருக்கிற நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கு. மூக்கு, காது, பின்னால் நிற்கும் தூண் இவற்றுக்குள்ள விகிதம் 55இல் இருந்த மாதிரியேதான் இருக்கும். பின்னணி மங்குவது மட்டும் குறையும், படம் கொஞ்சம் சொரசொரக்கும். இப்போது 18இலேயே வைத்துக்கொண்டு இரண்டடிக்குக் கிட்டப் போய் எடு. மூக்கு வீங்கும், காது ஒதுங்கும், தூண் எங்கோ போய்விடும். லென்ஸ் மாறவில்லை, நீ மாறினாய்.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் இதே மகாலை மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். சிதிலமாகக் கிடந்த கட்டடம். ஜூம் ஏது அன்றைக்கு? எங்கே நிற்பது என்று தேடி நடந்தார், அந்தப் படங்களைப் பார்த்தால் அது தெரியும்.

எங்கே நிற்பது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 1994 சித்திரைத் திருவிழா. பழைய 70-210 ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இடம் பிடித்தேன். கீழே கூட்டத்தில் அப்பா. செம்பு நிறையச் சர்க்கரை போட்டு, வாயை வாழை இலையால் கட்டி, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்திக்கொண்டு அழகரைப் பார்த்து நிற்கிறார். 210க்கு இழுத்து நாலு படம் எடுத்தேன். சாயங்கால வெயில் முகத்தில் விழுந்து, பின்னால் கூட்டமெல்லாம் வண்ணமாகக் கரைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஆறு வருடம் கழித்து அப்பா போனார். மாலை போட அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “செம்பு எங்கடா?” என்று கேட்டார்.

செம்பு இல்லை. நாலு படத்திலும் இல்லை. மார்போடு வெட்டியிருந்தேன். சூடத்தின் வெளிச்சம் தாடையில் விழுகிறது, அதைப் பிடித்த கை இல்லை. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. நான் எடுத்த எந்தப் படத்திலும் அப்பா என்னைப் பார்க்கவில்லை. எல்லாமே அவருக்குத் தெரியாமல் எடுத்தவை. கேமராவோடு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கம். மாடியிலிருந்து இறங்க இருபது படி இருந்திருக்கும்.

தம்பி, உனக்கும் அந்த வெட்கம்தான். அப்பத்தா முகத்தைத் திருப்புகிறது என்று பழியை அதன் மேல் போடாதே. ஊர்க்கல்யாணத்தில் யார் யாரையோ “அக்கா, இங்க பாருங்க” என்று கூப்பிடுகிற வாய்க்கு, வீட்டில் “அப்பத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்று கேட்கத் தெரியாதா? மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாயா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய்.

தொழிலுக்கு எதை வேண்டுமானாலும் வாங்கு. வீட்டுக்கு எதுவும் வாங்காதே. சீட்டுப் பணம் வரும்வரையும் காத்திருக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் அதன் பக்கத்தில் போய் உட்கார். நேர்வெயில் வேண்டாம், கூரை நிழலில் வெளியிலிருந்து வருகிற வெளிச்சம் போதும். 18-55ஐ 24க்கும் 35க்கும் நடுவில் வைத்துக்கொள். கொஞ்ச நேரம் கேமரா மடியிலேயே கிடக்கட்டும். அது வெற்றிலை இடிக்கும் என்றால் உரலையும் கையையும் சேர்த்து எடு. முகத்தைத் திருப்பினால் திருப்பின முகத்தையே எடு, அதற்குத் தெரிந்து எடு.

படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். பிரிண்ட் போட்டு அப்பத்தா கையில் கொடு.

அன்புடன்,
அண்ணன்