பேஃபிள் பலகை உப்பிவிட்டது, மெல்லிய ப்ளைவுட் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1974ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. பல வருடம் பேஸ்மென்ட்டில் கிடந்தது. ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் பலகையின், அதாவது பேஃபிளின், கீழ் ஓரம் உப்பியிருக்கிறது. ஆறாவது கம்பியில் ஜி, ஏ வாசித்தால் கரகரவென்று ஒரு சத்தம். பழைய ட்வீட் ஆம்ப்களில் (1950களில் துணி ஒட்டி வந்த ஃபெண்டர் ஆம்ப்கள்) இருப்பதுபோல மெல்லிய ப்ளைவுட் போட்டால் இன்னும் நன்றாக ஒலிக்கும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: மெல்லிய ப்ளைவுட் வேண்டாம். பலகையையே மாற்ற வேண்டுமா என்பதையும் முதலில் பார்த்துவிடுவோம்.

கரகரப்பு பேஃபிளில் இருந்துதான் வருகிறதா? ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றி, அதே ஜாக்கில் 8 ஓம் உள்ள வேறொரு கேபினெட்டை மாட்டுங்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்து வாசியுங்கள். ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல் மட்டும் வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. கரகரப்பு போய்விட்டால் கோளாறு உங்கள் பெட்டியிலோ ஸ்பீக்கரிலோதான். திரும்பப் பழைய ஸ்பீக்கரை மாட்டி, ஒருவர் ஜி வாசிக்க, நீங்கள் பலகையைப் பல இடங்களில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் தளர்வு. பல சமயம் ஸ்பீக்கர் நட்டையோ, முன்பக்கத் துணியைத் தாங்கும் கிரில் சட்டத்தையோ சரிசெய்தாலே போதும்.

இனி நண்பர் சொன்னதற்கு வருவோம். ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் பிடித்து வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேஸ் சுத்தமாகக் காணாமல் போகும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரமாகச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் பேஃபிளின் முதல் வேலை. 1950களின் ட்வீட் ஆம்ப்களில் அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. பெட்டி திடமான பைன் மரம், மூலைகள் விரல் கோத்ததுபோன்ற இணைப்பு. பேஃபிள் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் ப்ளைவுட்தான். அதையும் நாலு பக்கமும் இறுக்காமல் இரண்டு ஓரத்தில் மட்டும் திருகியிருப்பார்கள். வாசிக்கும்போது அந்தப் பலகையும் கிட்டாரின் மேல்பலகை மாதிரி சேர்ந்து அதிரும். நாலு பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட பாஸ்மன் ஆம்ப்பை இன்றும் தேடி வாங்குகிறார்களே, அந்த ஒலியில் இந்த அதிர்வுக்கும் பங்கு உண்டு.

உங்கள் ஆம்ப் வேறு வம்சம். 1960களின் ப்ளாக்ஃபேஸ் (கறுப்பு முகப்பு கொண்ட) ஆம்ப்களில் பேஃபிள் தடித்த பார்ட்டிகிள் போர்டாக மாறியது. சிபிஎஸ் நிறுவனம் 1965இல் ஃபெண்டரை வாங்கிய பிறகுதான் இந்தச் சிக்கனம் வந்தது என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல, அதற்கு முன்பே வந்துவிட்டது. 1970களில் அந்தப் பலகையைப் பெட்டியிலேயே காடி வெட்டிப் பசை போட்டுச் சொருகினார்கள். பலகை பாடக்கூடாது, ஸ்பீக்கர் மட்டும் பாட வேண்டும் என்பதற்கு ஏற்ற அமைப்பு இது. டீலக்ஸ் ரிவர்பின் தெளிவான, ஆழமான ஒலி இந்த அசையாத பலகையோடு சேர்ந்து வருவது. இதே மாதிரி ஓர் ஆம்ப்பில் ஒருமுறை 9 மில்லிமீட்டர் பலகை போட்டுக் கொடுத்தேன். தாழ்ந்த ஸ்வரங்களில் ஒன்று மட்டும் பூதம்போல எழும்பியது, மற்றவை தளர்ந்துபோயின. திரும்பப் பிரித்து, தடித்த பலகை போட்ட பிறகுதான் சரியானது.

அதனால் தடிமனை மாற்றாதீர்கள், நாலு பக்கமும் அசையாமல் இறுகியிருப்பதையும் மாற்றாதீர்கள். இந்த இரண்டும் மரத்தின் வகையைவிட அதிகம் பேசும்.

இப்போது உப்பிய இடத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளும் பசையும்தான். ஈரம் குடித்து உப்பினால் காய்ந்தபிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. உப்பல் ஓரத்தோடு நின்று, போல்ட் துளைகள் கெட்டியாக இருந்தால் பழைய பலகையைக் காப்பாற்றலாம். நன்றாக உலரவிட்டு, தளர்ந்த இடத்தில் நீர்த்த எபாக்ஸி ஊற்றி ஊறவிடுங்கள். நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் போடுங்கள். நான் முதலில் இதைத்தான் செய்வேன், அசல் பலகைக்கு மதிப்பு உண்டு. துளையைச் சுற்றி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதென்றால், மரவேலைக்கு முன் சேஸிஸை (மின்சுற்று இருக்கும் உலோகச் சட்டத்தை) கழற்றி எடுத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம், அதை இறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். காடியில் ஒட்டிய பலகையைச் சுத்தியலால் தட்டினால் பெட்டி பிளக்கும். ஜிக்சாவால் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டு அறுத்தெடுங்கள், மிச்சத்தை உளியால் மெதுவாகச் செதுக்குங்கள். முகமூடி கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிறகு உள்பக்கம் நாலு புறமும் பைன் ரீப்பர் ஒட்டித் திருகி, அதன்மேல் புதுப் பலகையை நெருக்கமாகத் திருகுங்கள். அடுத்த முறை கழற்றவும் எளிது.

புதுப் பலகைக்கு நான் சொல்வது பால்டிக் பர்ச் ப்ளைவுட், 18 மில்லிமீட்டரில் 13 அடுக்கு இருக்கும். மலிவான ப்ளைவுட்டில் நடு அடுக்குகளில் வெற்றிடம் இருக்கும், அதுவே கரகரக்கும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒலியில் பழையதற்கு நெருக்கம், ஆனால் ஈரத்தில் அதே கதைதான். உங்கள் பழைய பலகையை அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள், இல்லையென்றால் கிரில் சட்டம் உள்ளே உட்காராது. துளைக்கும் பழைய பலகையே அச்சு. வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் ஷெல்லாக் பூசுங்கள். முன்பக்கம் மங்கலான கறுப்பு அடியுங்கள், இல்லையென்றால் கிரில் துணி வழியாக வெள்ளையாகத் தெரியும். போல்ட் தலைகள் பலகையோடு மட்டமாகப் பதிய வேண்டும்.

ஸ்பீக்கர் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் கோணும், உள்ளே அசையும் கம்பிச்சுருள் உரசும், புதிதாக ஒரு கரகரப்பு வரும். ஒரு வாரம் வாசித்தபின் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், ஸ்பீக்கர் விளிம்பில் இருக்கும் காஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.