முதல் வெப் பேஜ் போடுகிறவர்கள் கேட்டவை

திருவாரூர், கல்லூரி மாணவர்: அக்கா, எதில் ஆரம்பிப்பது? பக்கத்தைக் கையால் எழுதும் ஹெச்டிஎம்எல்லா, நேராக ரெடிமேட் தளம் போடும் வேர்ட்பிரஸ்ஸா?

ஹெச்டிஎம்எல்தான் தம்பி. நோட்பேட் போதும், காசு செலவில்லை. தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, பட்டியல் இவ்வளவையும் கையால் அடித்து பிரவுசரில் திறந்து பாருங்கள், மொட்டையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். நிறமும் இடைவெளியும் சிஎஸ்எஸ் என்ற அலங்கார மொழியின் வேலை. 1991இல் வெப் வந்தபோது அலங்காரமே கிடையாது, சிஎஸ்எஸ் தரமாக வெளியானது 1996இல்தான்.

மன்னார்குடி, டிடிபி கடை: பாமினி ஃபாண்டில் அடித்த மேட்டரை ஒட்டினால் என் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிகிறது, போனில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.

அண்ணே, பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான், அந்த ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ் வேஷம் போடும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒரு தடவை படித்துவிடுங்கள், சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். பக்கத்தின் தலைப்பகுதியில் (ஹெட்), எழுத்துகள் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் இருக்கின்றன என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அவசியம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் என்ற ஃபாண்டுகள் இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.5 மடங்கு என்பார்கள், அது தமிழுக்கு நெருக்கம். மேல் வரி ‘ழு’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். நான் 1.7 வைப்பேன்.

நாச்சியார்கோவில்: அப்பாவின் குத்துவிளக்குப் பட்டறைக்கு ஒரு பக்கம் போட்டேன். பித்தளைக்குப் பொருத்தமாக வெள்ளையில் மஞ்சள் எழுத்து வைத்தால் படிக்க முடியவில்லை என்கிறார்கள். படங்கள் வரவும் நேரமாகிறது.

அவர்கள் சொல்வது சரிதான்மா. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, குறைந்தது 4.5க்கு 1 வேண்டும், வெள்ளையில் பளிச் மஞ்சள் 2ஐக்கூடத் தொடாது. எழுத்தை அடர் பழுப்பாக்கிவிட்டு மஞ்சளைத் தலைப்புக்குக் கீழே ஒரு கோடாக வையுங்கள், அழகாக இருக்கும். படங்களை போனில் எடுத்தபடியே ஏற்றியிருப்பீர்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். அப்புறம் படத்துக்கான விளக்க வரியான ஆல்ட்டில் ‘விளக்கு 1’ என்று போடாமல், ‘உச்சியில் அன்னம் வைத்த பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டடி உயரம்’ என்று எழுதுங்கள். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவது அதைத்தான், கூகுளும் அதைப் பார்க்கும். விலையைப் படத்துக்குள் எழுதவே கூடாது, நாளைக்குப் பித்தளை விலை ஏறினால் எல்லாப் படத்தையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மயிலாடுதுறை: பேடிங் எது, மார்ஜின் எது என்று குழம்புகிறது.

டெல்டாக்காரர் இதைக் கேட்கலாமா! பக்கத்தில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பெட்டி, அதை வயலாக நினையுங்கள், வரப்புதான் பார்டர். வரப்புக்கு உள்ளே பயிர் வரைக்கும் விட்ட இடம் பேடிங், வெளியே அடுத்தவர் வரப்பு வரைக்கும் மார்ஜின். நம் வயல்களில் இரண்டு பேருக்கும் ஒரே வரப்பு, சிஎஸ்எஸ்ஸில் ஆளுக்கொன்று, அதனால் சண்டை இல்லை. பின்னணி நிறம் பேடிங்கில் பரவும், மார்ஜினில் பரவாது. சந்தேகம் வந்தால் பெட்டிக்கு ஒரு நிறம் கொடுத்துப் பாருங்கள்.

கும்பகோணம்: போனில் பக்கம் பொடிப்பொடியாகத் தெரிகிறது, ஏன்?

பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்கு வைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி விட்டுப்போயிருக்கும், தலைப்பகுதியில் சேருங்கள். சேர்த்த பிறகும் பக்கவாட்டில் ஓடினால் ஏதோ ஒரு பெட்டிக்கு 1000 பிக்சல் அகலம் என்று கறாராக வைத்திருப்பீர்கள், அதை எடுத்துவிட்டு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று மாற்றுங்கள், படங்களுக்கும் அதே.