சொந்த காரை நேரா விக்கிறீங்களா? பேரம் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கங்க. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், 19 வருஷம் ஆச்சு. நான் கார் யாவாரி இல்ல, புரோக்கரும் இல்ல. ஆனா நம்மகிட்ட வண்டி விடறவங்க விக்கறப்பவும் வாங்கறப்பவும் "அண்ணா, கொஞ்சம் கூட வந்து உக்காருங்க"ன்னு கூப்புடுவாங்க, அப்படி போய் உக்காந்து பார்த்த பேரமே நூத்துக்கு மேல இருக்கும். பொத்திப் பொத்தி வெச்சிருந்த வண்டிய பேசத் தெரியாம 40, 50 ஆயிரம் கம்மியா குடுத்துட்டு வர்றவங்கள பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன், கேளுங்க.

திருப்பூர் நண்பர்: அண்ணா, 2015 வேகன்ஆர், சிங்கிள் ஓனர். எனக்கு 3 லட்சம் வந்தா போதும். எப்படியும் குறைப்பாங்கன்னு 4 போட்டு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. 4 போட்டா பேரம் பேசக்கூட யாரும் போன் பண்ண மாட்டாங்க, அதே வண்டி பக்கத்து தெருவுல 3.20க்கு இருக்கும் அதுக்கு போயிடுவாங்க. முதல்ல உங்க மாவட்டத்துல அதே வருஷம், அதே கிலோமீட்டர், அதே ஓனர் கணக்குல இருக்கற வண்டி ஒரு எட்டு பத்து விளம்பரம் பாருங்க. அது எல்லாம் கேக்கற ரேட்டுதான், முடிஞ்ச ரேட் இல்ல, அத ஞாபகம் வெச்சுக்கங்க. அப்புறம் ஆன்லைன்ல கார் வாங்கற கம்பெனி ஏதாச்சும் ஒண்ணுக்கு வீட்டுக்கே வந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க வித்து லாபம் பாக்கணும்ங்கறதால கம்மியாதான் சொல்லுவாங்க, ஆனா அது நாளைக்கே கைக்கு வர்ற காசு. அதுக்கு கீழ நேர்ல வர்றவருக்கு நீங்க குடுக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த நம்பரையும் உங்க மனசுல இருக்கற 3ஐயும் ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல காட்டி வெச்சிருங்க, பேச்சு சூட்டுல மறந்து போகும்.

போடற ரேட்டு 3.20, 3.25 போதும். நம்ம ஊர்ல எல்லாரும் "ரவுண்டா பண்ணிக்கலாம்"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, 3.20ஐ ரவுண்டாக்கினா உங்க 3 வந்துருது. 2.95ன்னு போட்டீங்கன்னா ரவுண்டாக்கினா 2.50 ஆயிரும், அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

மதுரை: எடுத்த உடனே போன்ல "லாஸ்ட் எவ்ளோ"ன்னுதாண்ணே கேக்குறாங்க. சொல்லலேன்னா வச்சிடுறாங்க.

வெச்சா வெக்கட்டும். போன்ல சொன்ன லாஸ்ட், நேர்ல வந்து நின்ன உடனே பர்ஸ்ட் ஆயிரும். வண்டிய பாக்காம ரேட் பேசறவருக்கு வண்டி தேவையில்ல, நம்பர்தான் தேவை. "வண்டிய பாருங்க, ஓட்டிப் பாருங்க, புடிச்சிருந்தா உக்காந்து பேசலாம், நியாயமா கேட்டீங்கன்னா நானும் பாத்து பண்றேன்" இவ்வளவுதான் பதில், மரியாதையா சொல்லுங்க. நாகர்கோவில்லருந்து கிளம்பி வரணும்ங்கறவருக்கு மட்டும் கொஞ்சம் இறங்கி வாங்க, சர்வீஸ் பில்லு, வண்டி ஸ்டார்ட் பண்ற வீடியோ எல்லாம் அனுப்பி, "10 ஆயிரம் முன்ன பின்ன பேசிக்கலாம்"ன்னு ஒரு அளவு சொல்லிருங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு ஏமாந்து போறது பாவம்.

திருச்சி: எனக்கு பேசவே வராது சார். அவர் ஒரு ரேட் கேட்டா நான் உடனே குறைச்சு சொல்லிடுறேன்.

அவர் ரேட் சொன்ன உடனே பதில் சொல்லாதீங்க சார். ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்புறம் "எத வெச்சு இந்த ரேட் சொல்றீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. டயர், டென்ட்டுன்னு ஒண்ணு ரெண்டு சொல்லுவார், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சும்மா குறைக்கச் சொல்றவருக்கு சும்மா குறைக்கக்கூடாது, இன்னிக்கே அட்வான்ஸ், வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் பணம்னு ஏதாச்சும் ஒண்ண வாங்கிட்டுதான் குறைக்கணும். குறைக்கறதும் முதல்ல 10 ஆயிரம், அப்புறம் 4, அப்புறம் 1ன்னு சுருங்கிட்டே வரணும். 10, 10, 10ன்னு இறங்கினீங்கன்னா இன்னும் ஆழம் இருக்குன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

சென்னை: 2014 டீசல் ஸ்விப்ட். கிளட்ச் போற மாதிரி இருக்கு, லெப்ட் டோர் ஒரு தடவை பெயின்ட் பண்ணினது. கேட்டா மட்டும் சொல்லலாமா, இல்ல நாமளே சொல்லணுமா?

நீங்களே சொல்லுங்க. இதுலதான் நான் ரொம்ப அழுத்தமா இருக்கேன், ஏன்னா என் கண்ணு முன்னாடி நடந்தது.

நம்ம கஸ்டமர் ஒருத்தர், இதே வண்டி, இதே கிளட்ச். சொல்ல வேண்டாம்னு விட்டுட்டார். வாங்க வந்தவர் கூட ஒரு வயசான மெக்கானிக். அவர் ஒண்ணும் பேசல, போனட்டக்கூட திறக்கல. உள்ள உக்காந்து ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்தார், தேர்ட் கியர் போட்டார், கிளட்ச மெதுவா விட்டார். கிளட்ச் நல்லா இருந்தா இன்ஜின் அந்த இடத்துலயே அடங்கி ஆஃப் ஆகணும். ஆகல, பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. அவர் இறங்கி வந்து வாங்க வந்தவர பாத்து தலைய மட்டும் ஆட்டினார். அதுக்கப்புறம் அவங்க எதையுமே நம்பல. கதவு ரப்பர் பீடிங்க உருவிப் பாத்தாங்க, பெண்டர் போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கான்னு பாத்தாங்க, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக் கறை இருக்கான்னு பாத்தாங்க, வெள்ளத்துல நின்ன வண்டியோன்னு சந்தேகம் வந்துருச்சு. கோயமுத்தூர விட்டு போகாத வண்டிங்க அது! கடைசில 45 ஆயிரம் குறைச்சு கேட்டாங்க, அவரும் கோவத்துல தரல.

அடுத்து வந்தவருக்கு நான் என்ன பண்ணினேன்னா, கிளட்ச் செட்டும் லேபரும் சேத்து 11 ஆயிரம்னு நம்ம லெட்டர் பேட்லயே எஸ்டிமேட் எழுதி, பழைய சர்வீஸ் பில்லோட சேத்து பின் பண்ணி குடுத்துட்டேன். அவர் படிச்சார், "அப்ப இந்த 11ஐ கழிச்சுக்கலாங்களா"ன்னு கேட்டார். அவ்வளவுதான். குறைய நாம சொன்னா அதுக்கு விலை நம்ம விலை, அவங்க கண்டுபுடிச்சா அவங்க சொல்றதுதான் விலை.

சென்னை வண்டின்னா 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டு வெள்ளத்தையும் கண்டிப்பா கேப்பாங்க. அப்ப வண்டி எங்க நின்னுச்சு, இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டிருக்கா இல்லையான்னு தயாரா இருங்க.

சேலத்துலருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் தவறி எட்டு மாசம் ஆச்சு. வண்டி அவர் பேர்ல இருக்கு. வர்றவங்க நாலு பேரா வந்து ஆளாளுக்கு ஒரு குறை சொல்றாங்க, ஒருத்தர் "பேப்பர் வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன், 70 குறைச்சுக்கங்க"ன்னு கேக்கறார்.

அக்கா, அவருக்கு குடுக்காதீங்க. முதல்ல வண்டி உங்க பேருக்கு வரணும். அதுக்கு ஃபார்ம் 31ன்னு தனியாவே இருக்கு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கணும், மத்த வாரிசுங்க சம்மதமும் எழுதி வாங்கிக்கங்க. மூணு மாசத்துக்குள்ள பண்ணியிருக்கணும், லேட் ஆனதுக்கு கொஞ்சம் அபராதம் வரலாம், பரவால்ல கட்டிருங்க. அவர் 70 ஆயிரம் கேக்கற வேலை இதுதான். உங்க பேருக்கு வந்துட்டா அந்த பேச்சுக்கே இடம் இல்ல.

நாலு பேர் விஷயம். எங்கப்பாகூட சின்ன வயசுல பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு போவேன். அங்க துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சுதான் வெல பேசுவாங்க, சுத்தி இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஏன்னு கேட்டதுக்கு அப்பா சொன்னார், நாலு பேர் காதுல விழுந்துட்டா அப்புறம் வாங்கறவனும் ஏற மாட்டான், விக்கறவனும் எறங்க மாட்டான், மானப் பிரச்சனை ஆயிரும்னு. காருக்கும் அதேதான். எல்லாரும் வண்டிய பாக்கட்டும், வேணுங்கறத சொல்லட்டும், நீங்க தலையாட்டிட்டே இருங்க. ரேட் பேசறப்ப "யார் வாங்கறீங்களோ அவங்க மட்டும் வாங்க"ன்னு தனியா கூப்புட்டு பேசுங்க. உங்க பக்கம் தம்பியோ மச்சானோ ஒருத்தர் போதும், அவர் கூட இருந்தா போதும், பேசறது நீங்களாவே இருங்க. "இந்த ரேட்டுக்கு கட்டுபடியாகாதுங்க"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்திக்கங்க, காரணம் அடுக்க வேண்டியதில்ல.

கரூர்: வண்டி நம்பர கூட்டினா 8 வருது, ராசி இல்லேங்கறாங்க. நாலு பேர் அதுக்காகவே வேண்டாம்னுட்டாங்க.

நம்பறவங்ககிட்ட வாதம் பண்ணாதீங்க. விளம்பரத்துல நம்பர் ப்ளேட்ட மறைக்காம போடுங்க, நம்பர் ராசி பாக்காதவங்க மட்டும் வருவாங்க. அதுக்காக ரேட்ட குறைச்சே வைக்க வேண்டாம், ஒரு மாசம் கூட ஆகும் அவ்வளவுதான்.

ஓசூர்: புது காருக்கே ஜிஎஸ்டி குறைச்சுட்டாங்க, பழசுக்கு இவ்ளோவான்னு கேக்கறாங்க. இதுல நான் வேற 18 பர்சன்ட் ஜிஎஸ்டி கட்டணும்னு ஒருத்தர் சொல்றார், நெஜமா?

ரெண்டாவது முதல்ல. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை தனியாள் விக்கறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது வாங்கி விக்கற டீலருக்கு, அதுவும் லாபத்துல மட்டும்.

முதல் கேள்வில நியாயம் இருக்குங்க. 2025 செப்டம்பர் 22லருந்து சின்ன காருக்கு 28 பர்சன்ட் 18 ஆச்சு, புதுசு ரேட் இறங்கினா பழசும் இறங்கத்தான் செய்யும். அதனால உங்க மாடலோட இன்னிக்கு ஆன்ரோடு ரேட் என்னன்னு பாத்து கையில வெச்சுக்கங்க. ஆனா நீங்க இப்ப இருக்கற விளம்பரத்த பாத்து ரேட் போட்டிருந்தா அந்த இறக்கம் ஏற்கனவே அதுல இருக்கு, திரும்ப ஒரு தடவை குறைக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஈரோடு: போன மாசம்தான் நாலு டயரும் புதுசு போட்டேன், இன்சூரன்ஸ் பத்து மாசம் இருக்கு. அந்த காச சேத்து கேக்கலாமா?

முழுசா கிடைக்காதுங்க. டயர் புதுசுன்னா "டயர் மாத்தணும், 20 ஆயிரம் குறைங்க"ங்கற பேச்சு வராது, அதுதான் லாபம். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 3125ன்னா 2025ல 31வது வாரம் தயாரானது, அத காட்டுங்க. இன்சூரன்ஸ் கூடவே போகட்டும், ஆனா நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாம இருந்ததுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, உங்களுது, வண்டியோட போகாது. கம்பெனில லெட்டர் வாங்கி வெச்சுக்கிட்டா மூணு வருஷத்துக்குள்ள அடுத்த வண்டிக்கு போட்டுக்கலாம். 50 பர்சன்ட் வரைக்கும் சேந்திருந்தா அது சின்ன காசு இல்ல, நிறைய பேர் சும்மா விட்டுடறாங்க.

தூத்துக்குடி: மிலிட்டரில இருக்கேன்னு ஒருத்தர், பேரமே பேசல, போட்ட ரேட்டுக்கே ஓகே சொல்லிட்டார். அட்வான்ஸுக்கு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கார்.

ஸ்கேன் பண்ணாதீங்க தம்பி. காசு வர்றதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ப்ளாக் பண்ணிருங்க. வண்டியே பாக்காம முழு ரேட்டுக்கு ஒத்துக்கறவங்க வாங்க வரலைன்னு வெச்சுக்கங்க.

திருநெல்வேலி: 5,000 டோக்கன் வாங்கிட்டேன். மறுநாள் இன்னொருத்தர் 15 ஆயிரம் கூட தர்றேங்கார். அட்வான்ஸ திருப்பிக் குடுத்திரலாமா?

குடுக்காதீங்க. அவர் உங்க வார்த்தைய நம்பி வீட்ல சொல்லியிருப்பார், நாள் பாத்திருப்பார். 15 ஆயிரம் போனா போகுது. இனிமே டோக்கன் வாங்கறப்ப ரேட்டு, எத்தன நாள்ல முடிக்கணும், அதுக்குள்ள முடிக்கலேன்னா டோக்கன் என்ன ஆகும்னு மூணையும் ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. எதுக்குன்னா, டெலிவரி அன்னிக்கு சாவி கேக்கற நேரத்துல "20 ஆயிரம் புரட்ட முடியல, பாத்துக்கங்க"ன்னு நிப்பாங்க. வீட்ல தேங்கா பழம் எல்லாம் வெச்சு வண்டிய அனுப்பத் தயாரா இருப்போம், அந்த நேரத்துல மனசு விட்டுக் குடுத்துரும். பேப்பர காட்டி "மீதி வந்ததும் எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு சாவிய உள்ள வெச்சிருங்க. பெரும்பாலும் சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.

காஞ்சிபுரம்: எல்லாத்தையும் கேஷா தர்றேன், பேர் மாத்தறது மெதுவா பாத்துக்கலாம், நல்ல ரேட்டும் தர்றேங்கறார்.

நல்ல ரேட்டே இல்ல அது. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரி சட்டப்படி அபராதம் வாங்கினவருக்கு, அதுவும் வாங்கின தொகை அளவுக்கே. அதனால பேங்க்லயே போடச் சொல்லுங்க. பேர் மாத்தாம வண்டி ஓடி ஏதாச்சும் ஆக்சிடென்ட் ஆச்சுன்னா ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, நஷ்டஈடு உங்க தலைல வரும். பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டும் உங்க முன்னாடியே நிரப்பி கையெழுத்து ஆகணும், காலியா விட்டு குடுக்கவே கூடாது. வித்த 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு நீங்க தெரியப்படுத்தணும். டெலிவரி நோட்ல தேதி மட்டும் இல்ல, மணியும் எழுதுங்க. லோன் இருந்த வண்டின்னா ஃபார்ம் 35, கடன் முடிஞ்சதுன்னு பேங்க் தர்ற என்ஓசி வெச்சு ஹெச்பி (ஆர்சில இருக்கற லோன் பதிவு) கேன்சல் முன்னாடியே பண்ணிருங்க, அது நிக்கறதக் காட்டியே நிறைய பேர் ரேட்ட உடைப்பாங்க.

கும்பகோணம்: ஆடில போடலாமா, ஆவணி வரட்டுமா?

அவசரம் இல்லேன்னா ஆவணி. ஆடில வர்றவர் கம்மியா கேக்கத்தான் வருவார்.

பொள்ளாச்சி: அண்ணா, 11 வருஷம் ஓட்டின வண்டி. பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிலருந்து கூட்டிட்டு வந்தது இதுலதான். ஒருத்தர் ரேட்ட குறைச்சு கேட்டா எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருது.

புரியுதுங்க. நம்ம ஷெட்லயே வண்டிய குடுத்துட்டு ஓரமா போய் நின்னவங்கள பாத்திருக்கேன். ஆனா அந்த பாசத்துக்கு வாங்கறவர் காசு போட மாட்டார், போடவும் முடியாது, அவருக்கு அது 11 வருஷ வண்டி. அதனால பேசற அன்னிக்கு உங்களுக்கு பதிலா வீட்ல இன்னொருத்தர் பேசட்டும், நீங்க வண்டி எப்படி ஓடும், எங்க சர்வீஸ் விட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அத உங்களவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. ரெண்டு பேர் ஒரே ரேட்ல நின்னா, பேர உடனே மாத்தறேன்னு சொல்றவருக்கு குடுங்க. குடுக்கறதுக்கு முந்தின நாளே டேஷ்போர்டு பிள்ளையார், பாப்பா ஒட்டின ஸ்டிக்கர், டிக்கில கிடக்கற பழைய பில்லு எல்லாம் நிதானமா எடுத்து வெச்சுக்கங்க. பாஸ்டேக்கையும் மறக்காம க்ளோஸ் பண்ணிருங்க, இல்லேன்னா அவர் டோல்கேட் தாண்டறப்பல்லாம் உங்க அக்கவுண்ட்லதான் காசு போகும்.