தினமும் பேக்வாஷ் செய்தும் குளத்துத் தண்ணீர் தெளியவில்லையா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுமார் 80,000 லிட்டர் கொள்ளும் நீச்சல் குளம் இருக்கிறது. மணல் ஃபில்டர் போட்டு ஆறு வருடம் ஆகிறது. மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் பம்ப், காலையில் மூன்று மணி நேரம் ஓடும். நிரப்புவது போர்வெல் தண்ணீர். இரண்டு வாரமாகத் தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது. தினமும் தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவி (பேக்வாஷ்), பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். பலனில்லை. ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். ஆழமான பக்கத்தில், தரையில் இருக்கும் வடிகால் மூடி கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் குளத்தைப் பூட்டிவிடுங்கள். அந்தக் கலங்கலில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது.

ஃபில்டரை மாற்றும் செலவு இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்தத் தினசரி பேக்வாஷ்தான். மணல் ஃபில்டரில் தண்ணீர் மேலே நுழைந்து, மணல் வழியாகக் கீழே இறங்குகிறது. கழுவிய மணல் மிக நுண்ணிய தூசியைப் பிடிக்காது. கொஞ்சம் அழுக்கு சேர்ந்து மணல் இடுக்குகள் குறுகிய பிறகுதான் நுண்ணியதும் சிக்கும். நீங்களோ ஃபில்டர் வேலைக்குத் தயாராகும் நேரத்தில் அதைக் கழுவிவிடுகிறீர்கள். போதாததற்கு, மூன்று நிமிட பேக்வாஷில் 500 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, அந்த இடத்தில் புதிதாக உப்புத் தண்ணீர் வருகிறது.

காலண்டரை விட்டுவிட்டு பிரஷர் கேஜைப் பாருங்கள். பேக்வாஷ் முடிந்ததும் முள் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். 12 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அது 20, 22 ஆகும்போது கழுவினால் போதும். ஃபில்டரின் நிலையை மாற்றும் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் பம்ப்பைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் கேஸ்கெட் கிழியும். கிழிந்தால் வடிகட்டாத தண்ணீரே குறுக்கு வழியில் குளத்துக்குத் திரும்பும். பேக்வாஷ் முடிந்ததும் அரை நிமிடமாவது, மிச்ச அழுக்கைச் சாக்கடைக்கு விடும் ‘ரின்ஸ்’ நிலையில் ஓட்டுங்கள். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பம்ப்பைப் போட்டதும் குழாய் வாயிலிருந்து புகை மாதிரி அழுக்கு குளத்துக்குள் வருகிறது.

அடுத்து பிளீச்சிங் பவுடர். அதில் சுண்ணாம்பு நிறைய. போர்வெல் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கும். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தாண்டினால் அது வெள்ளையாகப் பிரிந்து மிதக்கும். உங்கள் ‘பால்’ இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கண்ணாடி பாட்டிலில் குளத்துத் தண்ணீரை எடுத்து, கறுப்புத் துணிக்கு முன் வைத்து, இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றுங்கள். கலங்கல் மறைந்தால் சுண்ணாம்புதான். மறையாவிட்டால் பாசியோ தூசியோ. சுண்ணாம்பு என்றால் பிளீச்சிங் பவுடரை நிறுத்தி, திரவ குளோரினுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) மாறுங்கள். ஆசிட் விட்டு பிஎச்சை 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம்) வரை இருக்கட்டும். ஆசிடும் குளோரினும் ஒன்றாகச் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். டிசிசிஏ (TCCA) என்ற இன்னொரு வகை குளோரின் மாத்திரையை அள்ளிய மக்கால் பிளீச்சிங் பவுடரை அள்ளினாலே தீப்பிடிக்கலாம்.

மூன்று மணி நேரம் என்பதும் போதாது. அதில் 30,000 லிட்டர்தான் ஃபில்டருக்குள் போகும், பாதிக் குளம்கூட இல்லை. தெளியும் வரை பம்ப் இரவு பகலாக ஓடட்டும், அதன் பிறகு தினமும் எட்டு மணி நேரம். மின்கட்டணம் ஏறும்தான், ஆனால் ஃபில்டர் விலையோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

அவசரம் என்றால் படிகாரம் போடலாம். போட்டபின், தண்ணீர் ஃபில்டர் மணலுக்குள் போகாமல் சுற்றும் ‘ரீசர்குலேட்’ நிலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, பம்ப்பை நிறுத்தி, இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் தரையில் படிந்திருப்பதை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து மெதுவாக உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் மணல் அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் முள் கொஞ்சமும் ஏறவில்லை, தண்ணீரும் தெளியவில்லை என்றால் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். மணல் சமதளமாக இருக்க வேண்டும். நடுவில் பள்ளமோ, கையில் அகப்படும் சுண்ணாம்புக் கட்டியோ, எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் மணலை மட்டும் மாற்றுங்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டியதுதான் அது. டாங்க் மேல் எழுதியிருக்கும் அளவுள்ள சிலிக்கா மணலே வேண்டும், கட்டட வேலைக்கான எம்-சாண்ட் கூடாது. கொட்டும் முன் டாங்க்கில் பாதி வரை தண்ணீர் நிரப்புங்கள். வெறும் டாங்க்கில் கொட்டினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் உடையும், பிறகு மணலே குளத்துக்கு வந்துவிடும்.